திமிரி வண்டியில் போன மாத்திரை

பி.ஃபார்ம் முடித்ததும் வேலூர் லாங் பஜாரில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் சேர்ந்தேன். வெளியூர் மெடிக்கல் ஷாப்களுக்குப் போகும் பில்களைச் சரிபார்ப்பது என் வேலை. அந்த ஆண்டுதான் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளைக் கூட்டிப் பேசியது. சில வலி மாத்திரைகள் போதைக்காகக் கைமாறுகின்றன, அளவுக்கு மீறி வாங்கும் கடைகளை நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். எங்கள் முதலாளி முதல் ஆளாகத் தலையாட்டினார்.

அதன்பிறகு வருகிறவர்கள் எல்லாரையும் மனதுக்குள் சந்தேக வரிசையில் நிறுத்த ஆரம்பித்தேன். சிரித்துப் பேசினால் ஏன் சிரிக்கிறார், அவசரப்பட்டால் எதற்கு அவசரம். வரிசையில் முதலில் நின்றவர் திமிரியில் சின்னக் கடை வைத்துக்கொண்டு அந்த வலி மாத்திரையைப் பெட்டி பெட்டியாக வாங்கிய அண்ணன்.

"இன்னாண்ணே, திமிரியில எல்லாருக்குமா இடுப்பு வலி?"

"ஒரு நாள் வயல்ல குனிஞ்சு பாரும்மா, தெரியும்," என்றார். பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

துறைக்குத் தகவல் அனுப்பினேன். பெண் மருந்து ஆய்வாளர் ஒருவர் திமிரிக்குப் போனபோது அண்ணன் கடையில் மாத்திரையும் இல்லை, விற்றதற்கு பில்லும் இல்லை. எங்கள் பில்களோடு ஒப்பிட அண்ணனையும் அழைத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். உரிமம் ரத்தாகும், வழக்கும் வரும் என்று அந்த அம்மா சொன்னதும் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"நாலு கடைக்குச் சேத்து நான்தான் மேடம் எடுத்துட்டுப் போறேன். நாலு பேரும் பஜாருக்கு வந்தா கடைய யார் பாக்கறது? வண்டி ஒண்ணு, பில் ஒண்ணு. அங்க போய்ப் பிரிச்சுக்குவோம்."

பால் பவுடரும் இருமல் மருந்தும் இங்கே அப்படித்தான் போகும். இந்த மாத்திரைக்கு அது குற்றம் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வாளர் மற்ற மூவரையும் ஃபோனில் ஸ்பீக்கர் போட்டு விசாரித்தார். இரண்டு பேர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார்கள், ஆளுக்குக் கொஞ்சம்தான் வாங்கினார்களாம். மூன்றாமவர் அதே திமிரியின் ஆற்காடு ரோட்டுக் கடைக்காரர். "அந்த மாத்திரைய நான் தொடறதே இல்ல மேடம். என்னை ஏன் பேஜார் பண்றீங்க?"

"தோஸ்த்னு நம்பி ஏத்திட்டுப் போனேனேம்மா," என்றார் அண்ணன், என்னிடம்.

அந்த நேரத்தில் முதலாளி தன் ஃபோனை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். வெளியூர்க் கடைக்காரர்கள் வாட்ஸப்பில் ஆர்டர் சொல்வது அந்த ஃபோனில்தான். நாங்கள் யாரும் அதைத் தொட மாட்டோம். என் வரிசையில் அதுவரை அவர் இல்லை.

"ஆர்டர் எல்லாம் சார் ஃபோனுக்குத்தான் வரும் மேடம்," என்றேன்.

ஆய்வாளர் கையை நீட்டினார். கொஞ்சம் தேடியதும் ஆற்காடு ரோட்டுக்காரர் அனுப்பிய குரல் பதிவு கிடைத்தது. "எப்பவும் போல திமிரி வண்டில போட்டு விடுங்க சார். போன தபா கம்மியாப் போச்சு, இந்த தபா ஜாஸ்தியா வைங்க. என் பேர்ல பில் வேணாம்."

திமிரிக் கடையின் உரிமத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள், ரத்து செய்யவில்லை. ஆற்காடு ரோட்டுக்காரர்மேல் வழக்கு வந்தது, எங்களுக்கு நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸைப் படித்து முடித்த முதலாளி கோபப்படவில்லை. "கடைங்களப் பத்திதானேம்மா சொல்லச் சொன்னாங்க," என்றார்.

"நம்மளுதும் கடைதானே சார்," என்றேன்.