ஒன்றரை மணிச் சாப்பாடு

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் முதன்முதலாகச் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய பெண் நான்தான். பயிற்சிக்குப் பெயர் கொடுத்தபோது, பொம்பளைக்கு ரிவர்ஸ் வராது என்று குடோனில் சிரித்தார்கள். வந்தது. நாலு வருடமாக ஓட்டுகிறேன். காலை ஷிஃப்ட் என்றால் விடியும் முன்பே பொன்னேரியில் ரயில் ஏறிவிடுவேன். பிள்ளைகளுக்குச் சமைத்து டிபன் கட்டி அனுப்புவது ஷேர் ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர். முதலில் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தவர், இப்போது வாசல் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவுகிறார்.

எங்கள் கேன்டீனில் உள்ளூர்க்காரர்களுக்குப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஜார்க்கண்டிலிருந்து வந்த காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்றரைக்கு. யாரும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. அவர்கள் வரும்போது பொரியல் தீர்ந்திருக்கும். ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் ‘ஹிந்தி’ என்றுதான் பெயர். நானும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

போன வருடம் இன்னும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி என்று பட்டியல் ஒட்டினார்கள். ஐந்து பேரும் உள்ளூர். பேக்கிங்கில் ஆறு வருடமாக இருக்கும் ஜார்க்கண்டுக்காரி ஒருத்தி, என் வயதுதான், வண்டியருகே வந்து தன் பெயரையும் கொடுக்கச் சொன்னாள். இங்கேயே கற்ற தமிழ். காண்ட்ராக்ட் ஆட்களை எடுக்க மாட்டார்கள் என்றேன். அவள் கோபப்படவில்லை.

“உனக்கும் முதல்ல அப்படித்தான சொன்னாங்க, அக்கா?”

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது, என்னைத் தேற்றுவார் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் அரிசி களைந்துகொண்டே கேட்டார்: “நீ சிரிப்ப வாங்கிக்கினு போய் நின்ன. அவ வந்து நின்னதுக்கு நீ இன்னா பண்ண?”

அவளையும் சேர்க்கச் சொல்லி மறுநாள் ஒரு மனு எழுதினேன். பட்டியலில் இருந்த ஐவரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்ற மூவர், காண்ட்ராக்ட் ஆட்கள் வந்தால் நம் வேலை போய்விடும் என்று ஒதுங்கினார்கள். அந்தப் பயம் எனக்கும் இல்லாமல் இல்லை.

மேனேஜர் மனுவைப் படித்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, குடோனில் இருக்கும் எச்சரிக்கை போர்டை எப்படிப் பார்ப்பாள் என்றார். போர்டில் இருப்பதெல்லாம் படம்தான் சார் என்றேன். எழுந்து போய்ப் பார்த்தார். வந்து, பயிற்சியில் சேர்க்கிறேன், டெஸ்டில் தவறினால் பேக்கிங்தான் என்றார்.

டெஸ்ட் அன்று குடோனில் கூட்டம். அவள் சரக்கு அடுக்கிய பேலட்டைத் தூக்கி இரண்டாவது தட்டுக்கு ஏற்றும்போது அது கோணிக்கொண்டது. யாரோ சிரித்தார். அவள் அவசரப்படாமல் கீழே இறக்கினாள். வண்டியை அணைத்து, இறங்கிப் போய்ப் பேலட்டைச் சுற்றிப் பார்த்தாள். திரும்ப ஏறி, நேராக வைத்தாள். அந்த நிதானம் எனக்கு முதல் வருடத்தில் வரவேயில்லை.

இப்போது அவள் இரண்டாவது ஷிஃப்டில் ஓட்டுகிறாள். வண்டியில் அவள் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். குடோனில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். உருக்காலைக்குப் போகும் அவள் வீட்டுக்காரர் சாயங்காலம் ரொட்டி சுடப் பழகிவிட்டாராம். ஓரம் கருகுகிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

கேன்டீன் நேரம் மட்டும் மாறவில்லை. அதற்கு இரண்டாவது மனு போயிருக்கிறது. இந்த முறை முப்பத்தொரு கையெழுத்து. அன்று ஒதுங்கிய மூவரில் ஒருத்தி தானாக வந்து பேனா கேட்டாள்.