கறிக்கட்டையில் கடைந்த உடுக்கை

சிங்கப்பூரில், எங்கள் தெம்பனிஸ் வீட்டுக் கூடத்தில் ஓர் உடுக்கை தொங்குகிறது. அதன் இடுப்பில் ஆழமான கத்தி வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு. வார்னிஷ் பூசினால் மறைந்துவிடும் என்று வருகிறவர்களெல்லாம் யோசனை சொல்கிறார்கள். மறைப்பதற்காகவா என் நாத்தனார் அந்தக் கட்டையைத் தேடிப் பிடித்தார்?

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில்தான் இருந்தார். தஞ்சோங் பகாரில் பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. கையும் கூர்மை, நாக்கும் கூர்மை. ஆண்டுக்கொரு முறை பாசிர் ரிஸ்ஸில் என் கணவரின் மூத்த அண்ணனான பெரிய மைத்துனர் வீட்டில் முனியாண்டிக்குப் படையல் போடுவோம். மாமனார் உடுக்கை அடித்து அழைப்பார், பெரிய மைத்துனர் மேல் சாமி இறங்கும். மாமனார் இறந்தபோது அவருடைய உடுக்கையையும் சவப்பெட்டிக்குள் வைத்து அவரோடு அனுப்பிவிட்டோம். மறு ஆண்டு பெரிய மைத்துனர் கைப்பேசியில் பதிந்த உடுக்கைச் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டார். அரை மணி நேரம் கண்ணை மூடி நின்றும் சாமி வரவில்லை. தெய்வமே வீட்டை விட்டுப் போய்விட்டது என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"முனியாண்டிக்கு ப்ளூடூத் கனெக்ட் ஆகல லா," என்றார் அண்ணி. பிறகு நிதானமாக, "அடுத்த வருஷம் நான் அடிக்கிறேன்," என்றார்.

"பொம்பள அடிச்சா சாமி வருமா பாப்பா? நம்ம வழக்கத்துல கிடையாது," என்றார் பெரிய மைத்துனர்.

"வழக்கத்து உடுக்கையத்தான் எரிச்சாச்சேண்ணே. இது நான் செய்யப்போற உடுக்கை. இதுக்கு நான் வைக்கிறதுதான் வழக்கம்."

சொன்னதோடு நிற்கிற ஆளா அவர்? சிராங்கூன் சாலைக் கடைகளில் இருந்த பித்தளை உடுக்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் முகம். "மைலோ டின்னே தேவலாம்," என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார். தேக்கா சந்தையில் ஓர் ஆட்டுக்கறிக் கடைக்காரர் தூக்கிப்போட இருந்த, கறி வெட்டும் புளியங்கட்டையைக் கேட்டு வாங்கினார். எத்தனையோ வருடம் கத்தி வெட்டு வாங்கியும் பிளக்காத மரம் வேறு எதற்கும் பிளக்காது என்பது அவர் கணக்கு. விடுமுறை நாள்களில் ஒரு மரப்பட்டறையில் இடம் கேட்டு அதைக் கடைந்தார். கறி வெட்டிய கட்டை தீட்டு என்று பெரிய மைத்துனர் குதித்தார். "படையல்ல ஆட்டுக்கறி கேக்குற சாமிக்குக் கறிக்கட்டை தீட்டா?" என்று கேட்டார் அண்ணி. அதற்காகவே ஒரு வெட்டை மட்டும் இழைக்காமல் அப்படியே விட்டுவைத்தார்.

முகத்துக்கு ஆட்டின் இரைப்பை ஜவ்வு. அதைப் பக்குவமாகக் கழுவி, தான் வேலை செய்யும் கூடத்தின் ஏர்கான் குளிரில் இழுத்துக் கட்டிக் காயவைத்தார். அங்கே கணீரென்று ஒலித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மழை. ஜவ்வு ஈரக் காற்றைக் குடித்துத் தொளதொளத்து, தலையணையைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அண்ணி என்னை முறைத்துவிட்டு ஜவ்வைக் கிழித்து எறிந்தார். "சிங்கப்பூர்க் காத்துல அடிக்கப்போறது சிங்கப்பூர்க் காத்துலதான் காயணும்," என்று சன்னலைத் திறந்துவைத்து, மழைச்சாரல் நாள்களிலேயே புது ஜவ்வைக் கட்டினார். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு முறை புகார் வந்தது. இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்டாரே தவிர சன்னலைச் சாத்தவில்லை.

படையல் அன்று பெரிய மைத்துனர் மறுபடியும் ஸ்பீக்கரோடு தயாராக இருந்தார். அண்ணி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கூடத்தின் நடுவில் கால் மடக்கி உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார். தடுக்கத்தான் பெரிய மைத்துனர் எழுந்தார். எழுந்தவருடைய கால் நடுங்கியது. அடுத்த நொடி அந்த மனிதர் ஆவேசமாக ஆடிக்கொண்டிருந்தார். மாமியார் ஓவென்று அழுதபடி சாமியின் காலில் விழுந்தார்.

சாமி மலையேறிய பிறகு, "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல," என்றார் பெரிய மைத்துனர்.

"உங்களுக்கு இல்லாட்டி என்னண்ணே, உங்க காலுக்கு இருக்கும்," என்றார் அண்ணி. அதன் பிறகு ஆண்டுதோறும் அவர்தான் அடித்தார்.

அண்ணி போய் எட்டு மாதமாகிறது. கடைசியில் உடுக்கையை அவரோடு அனுப்பக் கூடாது என்று சொல்லி என் கையில்தான் கொடுத்தார். போன வாரம் பெரிய மைத்துனர் போன் செய்தார். "அந்த உடுக்கையக் குடுத்தனுப்பும்மா. எம் பையன் அடிக்கட்டும்."

தீட்டு என்று சொன்ன அதே வாய்! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "குடுத்தனுப்ப மாட்டேன் அத்தான். நானே எடுத்துட்டு வந்து நானே அடிக்கிறேன்."

"உனக்கு அடிக்கத் தெரியுமா?"

"தெரியாது. படையலுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல?"

இன்று காலை உடுக்கையை ஆணியிலிருந்து இறக்கினேன். அந்தத் தழும்பில் என் கட்டைவிரல் பதிந்து உட்கார்ந்தது. முதல் அடி கோணலாக விழுந்தது. பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். இரண்டாவது அடியை இன்னும் ஓங்கி அடித்தேன்.