நீலம் பூசிய கல்

அந்தக் கல்லை வேட்டி மடிப்பில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோனவன் நான்தான். ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன், கையில் கிடைத்த ஆதாரத்தை மடியில் கட்டிக்கொண்டு நடந்தேன்.

எங்கள் நிலம் எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி. மக்காச்சோளம் காயப்போட எங்களுக்கு அந்தச் சாலையைவிட நல்ல களம் கிடையாது. தார்ச் சூட்டில் இரண்டே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். வண்டிகள் ஏறாமல் இருக்க ஓரமாகக் கல் வரிசை வைப்போம். சாயங்காலம் சோளத்தை அள்ளுவோம்; கல்லை அள்ளமாட்டோம். நாளைக்கும் வேண்டுமே. என் கற்களைப் பக்கத்துக் காட்டுக்காரர் எடுத்து வைத்துக்கொள்கிறார் என்று, வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை எல்லாவற்றுக்கும் பூசினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் காலை சோளக் கோணிகளோடு சாலைக்கு வந்து நின்றேன். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு லாரி ஓரத்தை அணைத்து வந்தது. அதன் பின்சக்கரம் என் கல் ஒன்றின்மேல் ஏறியது. பட்டாசு போல் ஒரு சத்தம். கல் உடைந்து, ஒரு துண்டு பறந்து, பின்னால் வந்த வேனின் முன்கண்ணாடியில் அடித்தது. லாரி நிற்கவே இல்லை. வேன் இரண்டு முறை ஆடி ஓரத்தில் நின்றது. கண்ணாடி முழுக்க விரிசல். ஓட்டி வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சில்லு தெறித்துக் கன்னத்தில் ஒரு கீறல், கண்ணுக்கு இரண்டு விரல் கீழே.

எதிரே இருந்த டீக்கடை அம்மாளிடம் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

"கல்யாணக் கூட்டத்த கல்வராயன் மலையில எறக்கி வுட்டுட்டு காலியா வர்றேன் சார். ஆளுங்க இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்!" என்றார்.

அவர் அண்ணாந்து குடித்த நேரத்தில் வைப்பர் இடுக்கில் நீலமாக ஏதோ தெரிந்தது. எடுத்து மடியில் செருகினேன்.

"அந்தக் கல்லு எங்க சார் போச்சி? மொதலாளி கேப்பாரு."

"எங்கே போய் விழுந்ததோ, தம்பி."

பத்து நாள் கழித்து டீக்கடை அம்மாள்தான் சொன்னார். "சார், அந்த வேன் டிரைவருக்கு வேல போச்சாம். மலையில வண்டிய மரக்கெளையில வுட்டுட்டு கல்லு கத சொல்றான்னு மொதலாளி தொரத்திட்டாராம்."

நான் டீயை ஊதினேன்.

"இன்னா சார் ஊதிக்கினு இருக்கீங்க? அது ஆறி அர மணி நேரம் ஆவுது. உங்க கேட்டு கலரு இந்த ஊருல யாருக்குத் தெரியாது?"

மறுநாள் கல்லைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். முதலாளியின் ஷெட்டில் உடைந்த கண்ணாடி சுவரில் சாய்ந்திருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கல்லை வாங்கிக் கண்ணாடிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரிசலின் நடுவே கொஞ்சம் நீலம் ஒட்டியிருந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ரோட்டுக் கல்லுக்குப் பெயிண்ட் அடிச்ச ஆள இப்பத்தான் சார் பாக்குறேன். பேரும் எழுதியிருக்கலாமே!" என்றவர், டிரைவரை போனில் கூப்பிட்டார். "வந்து வண்டிய எடுப்பா. உன் கல்லு கெடச்சிடுச்சி. தூக்கிக்கினு போனவரே கொண்டாந்திருக்காரு."

புதுக் கண்ணாடிக்கு ஆனதைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். டிரைவர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, விஷயம் தெரிந்ததும் சுருங்கியது.

"அன்னிக்கு தண்ணி குடுத்தீங்கன்னு உங்கள எல்லார்கிட்டயும் நல்ல மனுசன்னு சொல்லிக்கினு இருந்தேன் சார்."

அதைவிட அவர் திட்டியிருக்கலாம். மன்னித்துக்கொள் தம்பி என்றேன். அவர் சாவியை எடுத்தார்.

"ஏறுங்க. வூட்ல வுடறேன்."

முன்சீட்டில் உட்கார்ந்தேன். முன்னால் லாரி வரும்போதெல்லாம் என் தலை தானாகக் கீழே போனது.

"குனிஞ்சா எப்டி சார்? நான் தெனம் குனிஞ்சிக்கினே ஓட்ட முடியுமா?" என்று சிரித்துவிட்டார்.

எங்கள் காட்டருகே வண்டியை நிறுத்தினார். "எறங்குங்க. கல்லப் பொறுக்குங்க."

பொறுக்கினேன். அவர் இறங்கவில்லை. ஜன்னலில் கையை நீட்டி, "அதோ, அந்தாண்ட ஒண்ணு" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"அது பக்கத்துக் காட்டுக்காரருது, தம்பி."

"கண்ணாடிக்கு அது தெரியுமா சார்?"

அதையும் எடுத்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. இந்த வருடம் சோளத்தை மொட்டை மாடியில் காயப்போட்டேன். காய ஐந்து நாள் ஆனது. வேன் எங்கள் காட்டைத் தாண்டும்போது இப்போதெல்லாம் ஹாரன் அடிக்கிறது. நான் கை தூக்குகிறேன். மன்னித்துவிட்டாரா என்று கேட்டதில்லை. சாலையோரம் நிற்கும் கிழவனை ஒதுங்கச் சொல்லும் ஹாரனாகவும் இருக்கலாம்.