மூன்றாம் வரிசையில் ஒரு பூச்சட்டை

நாற்பத்தொன்பது வயதில் என் தகப்பனார் பூப்போட்ட சட்டையும் பேண்ட்டும் மாட்டிக்கொண்டு காரைக்குடிக்கு பஸ் ஏறுவார். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்பச்சி என்போம். அப்பச்சிக்கு அங்கே ஓர் உரக்கடையில் வேலை. யூரியா மூட்டை இறக்குகிற இடத்துக்கு எதற்கு இந்தச் சோக்கு என்று ஊரே கேட்டது. நானும் கேட்டேன். ஊர் வாய்க்குள் கேட்டது, நான் மைக்கில் கேட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் வேலை பார்க்கப் பதினேழு வயதில் கப்பல் ஏறியவர் அவர். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார், நாலைந்து மாதம் இருப்பார், போய்விடுவார். நான் பத்தாவது படிக்கும்போது அந்தக் கடையை மூடிவிட்டார்கள். ஒரேயடியாக வந்து இறங்கினார். அப்படி இறங்கிய அன்றுதான் அவரைப் பேண்ட் சட்டையில் முதன்முதலாகப் பார்த்தேன். மூன்று சட்டை, இரண்டு பேண்ட். சட்டைகளில் ஒன்றில் ஆரஞ்சுப் பூவும் பழுப்பு இலையும் தோளிலிருந்து இடுப்புவரை கொடியாக ஓடும். அந்தத் துணியை எங்கள் ஊரில் யாரும் கண்டதில்லை.

கொத்தமங்கலத்தில் எங்களுக்கு இருந்தது ஒரு பெரிய வீட்டில் சிறிய பங்கு. ஓர் அறை, பின்கட்டில் ஓர் அடுப்படி. மற்ற அறைகளிலெல்லாம் பங்காளிகள். ஆகவே அப்பச்சி வெளியே கிளம்புவதென்றால் வளவு என்கிற நடு முற்றம் முழுக்க நடந்து, அத்தனை பேர் கண்ணையும் தாண்டித்தான் வாசலுக்கு வரவேண்டும்.

"என்னண்ணே, பொண்ணு பாக்கக் கிளம்பிட்டீகளா?" என்பார் எதிர் அறைச் சித்தப்பா.

"ஆமாப்பா, உனக்குத்தான். ஒரு எடம் வந்திருக்கு. பொண்ணுக்குக் காது கேக்காது, உனக்குப் பொருத்தமா இருக்கும்."

சித்தப்பா மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். அப்பச்சி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பார்.

எங்கள் ஆட்களிடம் ஆண்பிள்ளையின் வயது உடம்பில் தெரிவதற்கு முன்னால் உடுப்பில் தெரிந்துவிடும். மகளைக் கட்டிக்கொடுத்தவர் கலர் சட்டை போடமாட்டார். பேரன் பிறந்துவிட்டால் பெரும்பாலும் சட்டையே கிடையாது. வேட்டி, துண்டு, விபூதி. இதைச் சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். என் அக்காவை வலையபட்டியில் கொடுத்திருந்தோம். அக்காவின் மாமனார் அப்பச்சியைவிட இரண்டு வயது இளையவர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் வெறும் மேலில் துண்டோடு உட்கார்ந்திருப்பார்; பக்கத்தில் என் அப்பச்சி பூச்சட்டையோடு. பார்க்கிறவர்கள் இதில் யார் சம்பந்தி, யார் மாப்பிள்ளை என்று ஒரு கணம் தடுமாறுவார்கள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காது. தண்ணீர் கொண்டு வருகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பேச்சுப் பைத்தியம். எந்த ஊரில் பட்டிமன்றம் என்றாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன். எனக்கென்று ஒரு பக்கம் வேண்டும் என்று தோன்றாத வயது. எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு தலைப்பு வைத்தார்கள்: ஆண்கள் உடுத்த வேண்டியது வயதுக்கேற்பவா, மனதுக்கேற்பவா? சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வயதுக்கேற்ப என்ற சீட்டு வந்தது.

விழாவன்று என்னிடம் இருந்த இரண்டு சட்டைகளில் ஒன்று துவைக்கப் போட்டிருந்தது. மற்றது காலர் திருப்பித் தைத்தது. அப்பச்சி காலையில் வேலைக்குக் கிளம்புமுன் தன்னுடைய இளநீலச் சட்டையை எடுத்துவந்தார். கரிப்பெட்டியில் அவரே தேய்த்து வைத்திருந்தார்.

"மேடைக்கு இதைப் போடு. கை நீளமா இருந்தா ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டுக்க."

"நீங்க வாரீகளா, அப்பச்சி?"

"அஞ்சு மணிக்குத்தானே? கடையில சொல்லிட்டு நேரா வந்துர்றேன்."

மேடையில் முதல் மூன்று நிமிடம் எதுவும் ஏறவில்லை. சங்க காலத்திலிருந்து ஆரம்பித்திருந்தேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணிக்காரர் கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் பேசப் பேசப் பெண்கள் விசிறிக்கொண்டார்கள். இரண்டு பேர் எழுந்து டீக்கடைப் பக்கம் போனார்கள். அப்போது மூன்றாம் வரிசையில் ஆரஞ்சுப் பூ தெரிந்தது.

முன்கூட்டி யோசிக்கவில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன். யோசித்திருந்தால் ஒருவேளை மன்னிப்பாவது கேட்கத் தோன்றியிருக்கும்.

"நடுவர் அவர்களே! நேற்று பஸ் நிறுத்தத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பின்னாலிருந்து பார்த்தேன். பூப்போட்ட சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட். ஆகா, எந்த வீட்டுக் கல்யாணமோ, நமக்கும் பந்தியில் ஓர் இலை உண்டு என்று ஓடிப்போய் முன்னால் நின்று பார்த்தேன். ஐயா, அவர் மாப்பிள்ளை இல்லை." ஒரு மூச்சு நிறுத்தினேன். "மாமனார்!"

கூட்டம் அதிர்ந்தது. தலைகள் ஒவ்வொன்றாக மூன்றாம் வரிசைக்குத் திரும்பின. பின்னாலிருந்து ஒருவன், "யாருடா அது, உங்க அப்பச்சியா?" என்று கத்தினான்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். "பெயர் சொல்லமாட்டேன். ராத்திரி எனக்குச் சோறு வேண்டும்" என்றேன். டீக்கடைக்குப் போனவர்கள் என்ன சத்தம் என்று ஓடிவந்தார்கள்.

அப்பச்சியும் சிரித்தார். கையும் தட்டினார். தட்டி முடித்ததும் திறந்திருந்த மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் தேய்த்துக் கொடுத்த சட்டைக்குள் நான் வியர்த்துக்கொண்டே அதைப் பார்த்தேன். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

எங்கள் அணி ஜெயித்தது. பரிசாக வந்த எவர்சில்வர் தட்டை அப்பச்சிதான் கையில் வாங்கிக்கொண்டு கூட நடந்துவந்தார்.

"குரல் நல்லா எடுத்துச்சு. 'மாமனார்'னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நிறுத்துனே பாரு, அதாம்ப்பா பேச்சு."

கேலியில்லை. நிஜமாகவே பாராட்டினார்.

மறுநாள் காலை வேட்டி கட்டி, வெறும் மேலில் துண்டைப் போட்டுக்கொண்டு உரக்கடைக்குக் கிளம்பினார். வளவில் சித்தப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். ஒரு நாள் கோபம் என்று நினைத்தேன். வாரம் ஆனது, மாதம் ஆனது. கோபமே இல்லை, என்னிடம் எப்போதும்போலத்தான் பேசினார். ஆனால் நடை மாறிவிட்டது. பஸ்ஸுக்கு எட்டிப் போட்டு நடக்கிறவர், துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போக ஆரம்பித்தார். ஒருநாள் பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுக்க, மறுக்காமல் உட்கார்ந்தார். நானும் அதே பஸ்ஸில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் ஆத்தாவிடம், என் அம்மாவிடம் போய், "நீங்களாவது சொல்லுங்க, பழையபடி போட்டுக்கச் சொல்லுங்க" என்றேன்.

அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"இங்குட்டு வா. உக்காரு. பினாங்குக் கடையில என்ன உடுத்திருந்தாகன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. கேட்டதே இல்லை.

"நாலு முழ வேட்டி. மேலுக்கு ஒண்ணும் கெடையாது. நெத்தி நெறைய விபூதி, ஒட்ட வெட்டுன தல. பெட்டியடியில, கணக்குப் பெட்டி முன்னால உக்கார்ற ஆளுக எல்லாரும் அப்பிடித்தான் இருக்கணுமாம். சட்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சா புத்தி வெளிய போயிரும்னு மேலாளு சொல்லுவாராம். பதினேழு வயசுல ஏறுன புள்ள, நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் கெழவன் மாதிரியே இருந்துட்டு வந்திருக்காக. தெரு முக்குல ஒரு துணிக்கடையாம். போக வர அதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்காக, இருவத்தெட்டு வருசம். கடையை மூடுன அன்னிக்கு நேரா அங்க போயி எடுத்ததுதான் அந்த மூணு சட்டையும்."

அவள் மறுபடி முறத்தை எடுத்தாள். புடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான்தான் போடச் சொன்னேன். வந்து எறங்குனதோட கழட்டி வச்சுட்டாக, அவுகளுக்கே கூச்சம். வயசாயிருச்சே, ஊரு சிரிக்குமேன்னாக. சிரிச்சாச் சிரிக்கட்டும், நான் ஒங்களை வாலிபத்துல பாத்தது மொத்தமா ரெண்டு வருசம்கூட வராது, இப்பப் பாத்துக்கிறேன்னு சொன்னேன். ஊரு சிரிச்சதை ஒரு பொருட்டா நெனைக்கலையே அவுக."

ஊர் என்பதில் நான் இல்லை என்றும் அவள் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

இத்தோடு நான் வாயை மூடியிருந்தால் சரியாகப் போயிருக்கும். ஆனால் தப்பைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி மேடை. அடுத்த வருஷம் நாச்சியாபுரத்தில் அதே தலைப்பில் பேசக் கூப்பிட்டார்கள். நானே கேட்டு வாங்கி மனதுக்கேற்ப என்ற பக்கம் நின்றேன். பினாங்கு, பெட்டியடி, தெரு முக்குத் துணிக்கடை, ஆத்தா சொன்ன ரெண்டு வருஷக் கணக்கு, ஒன்றையும் விடவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவருக்கே குரல் கம்மிவிட்டது. கடனை அடைத்துவிட்ட நிம்மதியில் சைக்கிளை மிதித்து வந்தேன்.

அந்தப் பேச்சு இரண்டே நாளில் உரக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. உரம் வாங்க வந்த யாரோ, "உங்க மகன் உங்களைப் பத்திப் பேசி எல்லாரையும் அழுக வச்சுட்டாருண்ணே" என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் அப்பச்சி வந்து கை கால் கழுவி, என் எதிரில் உட்கார்ந்தார்.

"என்னைய வச்சு ரெண்டு தடவை கைதட்டு வாங்கிட்டே. மொதத் தடவை சிரிக்க வச்சே, இந்தத் தடவை அழுக வச்சே. ரெண்டு தடவையும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேப்பா."

"அப்பச்சி, நான் உங்களுக்காகத்தான்..."

"சிரிச்சதுகூடப் பரவாயில்லை. சிரிச்சவன் மறுநா மறந்துருவான். இப்பக் கடைக்கு வர்றவன்லாம் என்னையப் பாவமாப் பாக்குறான். அதுவும் உங்க ஆத்தா எங்கிட்டச் சொன்னதை..."

முடிக்கவில்லை. ஆத்தா அடுப்படியில் இருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். பிறகு வெகு நாள் அவள் என்னிடம் எதையும் மனம்விட்டுச் சொன்னதில்லை. சாப்பிட்டியா, எப்ப வருவே, அவ்வளவுதான்.

அதற்குப்பின் நான் மேடை ஏறவில்லை என்று எழுத ஆசைதான். ஏறினேன். வீட்டு ஆட்களைத் தொடாமல் பேசினேன். பேச்சு சுமாராகத்தான் இருந்தது.

இதை எழுத உட்காருமுன் அப்பச்சியிடம் போனேன். நடந்ததை எழுதப்போகிறேன், எழுதலாமா என்று கேட்டேன். இப்போது அவருக்கு ஐம்பத்தாறு. பார்க்க எழுபது இருக்கும்.

துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நெசத்தைச் சொல்லு. அந்தச் சட்டை எனக்கு நல்லா இல்லையா?"

"நல்லா இருந்துச்சு, அப்பச்சி."

"அன்னிக்கே அப்பிடித் தோணுச்சா, இல்ல இப்பச் சொல்றியா?"

அன்றைக்கே தோன்றியது. கூட்டத்தில் அத்தனை வெள்ளை வேட்டிகளுக்கு நடுவே அவர் ஒருவர்தான் கண்ணுக்குத் தெரிந்தார். அதனால்தான் என் நாக்கு அவரிடம் போனது. அதைச் சொன்னேன்.

"அப்ப அதையும் எழுது" என்றார்.