லோடு ஏற்றி ஓட்டிவிட்டு மறுபடி வா

குமாரின் அழைப்பு வந்தபோது நான் கடையில் நட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, மாமா போயிட்டாரு" என்றான். "அப்பாடா, போனாரா! இப்பவாவது புத்தி வந்துச்சே, ரொம்ப நல்லது" என்றேன். திருப்பதி டாக்டரிடம் போங்கள், போங்கள் என்று அவன் மாமா முனிரத்தினம் அண்ணனை நான் நச்சரித்துக்கொண்டிருந்த சமயம் அது. அவன், "அந்தப் போறது இல்லக்கா" என்று சொல்லி அழுதான். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். முந்தின சாயங்காலம்தான் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார். அந்த மனிதரின் சாவுச் செய்திக்கு நான் சொன்ன பதில் "ரொம்ப நல்லது". இன்னும் அது என் காதைவிட்டுப் போகவில்லை.

புத்தலப்பட்டில், சித்தூர் - திருப்பதி சாலையோரம், என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் அவருடைய பட்டை வேலைக் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அவரைத் தெரிந்த உங்களுக்கு இதுவும் தெரியும்: லாரியின் ஸ்பிரிங் பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டை ஒருமுறை கழற்றினால் மறுபடி மாட்டவே மாட்டார். பேச்சு வளர்க்காமல் கேஸ் கட்டரால் அறுத்துப் போடுவார். நன்றாகத்தானே இருக்கிறது என்று முதலாளி வாயைத் திறப்பதற்குள் அது இரண்டு துண்டாகக் கிடக்கும். "ஒரு தபா இறுக்கினா அது இழுத்துக்கும்பா. இழுத்தது திரும்பச் சுருங்காது. லோடோட ஆக்சில் நகுந்தா அப்ப இன்னா பண்ணுவ?" என்பார். விற்கிறவளும் மாட்டுகிறவரும் கூட்டு என்று சாலை முழுக்கப் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ, "ஊரே சொல்லுது, கூட்டாளிக்கு ஒரு டீ சொல்லக் கூடாதா தங்கச்சி?" என்று சிரிப்பார்.

பங்காருபாளையத்து லாரி முதலாளி ஒருவர் பழைய போல்ட்டுகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்துக் கொண்டுவந்தார். புதுசு, கோயிலில் பூஜையும் போட்டாயிற்று என்றார். பூஜை போட்டதை இவர் அறுக்கமாட்டார் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு போல்ட்டை இரண்டு கையாலும் வாங்கினார். அதில் நட்டை விரலால் சுழற்றினார். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போன நட் சிக்கி நின்றது. மரை இழுபட்ட போல்ட்டில் அப்படித்தான் நிற்கும். "சாமிக்கே பெயின்ட் அடிச்சிக்கீறியே சார்" என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அறுத்தார். அந்த முதலாளியே சிரித்துவிட்டார்.

புது போல்ட் மாட்டினாலும் விடமாட்டார். ஓட்டத்தில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து பிடி தளரும் என்பதால், "லோடு ஏத்தி ஓட்டிக்கினு மறுபடி வா, இறுக்கணும்" என்பார். டிரைவர் "போறேண்ணா" என்றால் வண்டியை எடுக்க முடியாது. "போய்ட்டு வரேன்னு சொல்லுடா" என்று வழியில் நிற்பார். அந்த மனிதரைத்தான் திருப்பதி டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருந்தார். நெஞ்சைத் தட்டிக் காட்டி, "மாங்கா சீசன் முடியட்டும் தங்கச்சி. இது பழசே ஓடும்" என்றார். நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது. ஊரார் லாரிக்கு ஆகாத பழசு உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணா ஓடும்?

பால் தெளித்த மறுநாள், சாத்தியிருந்த அவர் கடை முன்னால் ஒரு மாங்காய் லாரி வந்து நின்றது. அவர் கடைசியாகப் பட்டை போட்ட வண்டி. டிரைவர் இறங்கி என்னிடம், "அக்கா, அன்ன லேரா?" என்று கேட்டான். "லேரு", இல்லை என்றேன். தெலுங்கிலும் அப்படித்தான், ஊரில் இல்லாதவருக்கும் உலகத்திலேயே இல்லாதவருக்கும் அந்த ஒரே சொல். "எப்புடு வஸ்தாரு, எப்ப வருவாரு? லோடு எறக்கிட்டு மறுபடி வரச் சொன்னாருக்கா" என்றான். என்னைப் போலவே அவனும் தப்பாகத்தான் புரிந்துகொண்டான். என் கடையில் உட்கார்ந்திருந்த குமார் எழுந்து வந்து, "இனிமே வரமாட்டாருண்ணா" என்றான். டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

தீட்டு கழியவில்லையே என்று பக்கத்துக் கடைக்காரர் தயங்கினார். "மாமா வரச் சொன்ன வண்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குமார் ஷட்டரைத் தூக்கினான். ரெஞ்சை மாட்டி இழுத்தான். அண்ணன் சொன்னபடியே ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் திரும்பிய பிறகுதான் "டக்" என்று பிடித்தது. டிரைவர் கேபினில் ஏறி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "போய்ட்டு வரேன்க்கா" என்றான். பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. குமார் ரெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான்தான் சொன்னேன், "மறுபடி வா."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வார்த்தைதான். இப்போது கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். அவர் போய்விட்டார் என்று கேட்ட நேரத்தில் என் வாயில் வந்தது வேறு. அதை அறுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இதை மாட்டிக்கொள்கிறேன்: மறுபடி வாங்கண்ணா.