தம்பிக்காகப் படித்த ஸ்பானிஷ்

மழையில் நனைந்த கம்பளிக் கோட்டின் வாசம், யாரோ உரிக்கும் ஒரேஞ்ச் தோலின் வாசம்... ஸ்பானிஷ் என்றால் இன்றைக்கும் எனக்கு முதலில் மூக்குக்குள் வருவது இவைதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்தில், ஒக்லாந்து டவுனுக்குள் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. சான்ட்ரிங்ஹாமிலிருந்து பஸ் பிடித்து மூன்று பேர் போவோம். நான் யாழ்ப்பாணம், ரெஜினா மன்னார், தேவி மலேசியா. மூவரும் ஒரே வீட்டில் ரென்டுக்கு இருந்தோம்.

முதல் நாள் டீச்சர் உள்ளே வந்ததும் நானும் ரெஜினாவும் டக்கென்று எழும்பி நின்றுவிட்டோம். பழக்கதோஷம். மற்றவர்கள் எல்லோரும் இருந்தபடியே எங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். டீச்சர் சிலி நாட்டுக்காரி, நல்ல மனுஷி. நாங்கள் வெளியே போகப் போகிறோம் என்று நினைத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்!

"உனக்கு ஏன் ஸ்பானிஷ்?" என்று வேலையிடத்தில் கேட்பார்கள். ஊர் சுற்றிப் பார்க்க என்று சொல்லிச் சமாளிப்பேன்.

உண்மை வேறு.

கனடாவுக்கென்று வெளிக்கிட்ட என் தம்பி, ஈக்வடோரில் கீட்டோ என்ற நகரத்தில் தனியாக மாட்டிக்கொண்டான். கூடப் போனவர்களை ஏஜென்சிக்காரன் ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, இவனை மட்டும் விட்டுவிட்டான். அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தான். அதில் தான் தங்கியிருந்த வீட்டின் போன் நம்பர். பிறகு நான்கு மாதமாக ஒரு சத்தமும் இல்லை.

"பிள்ளை, அவன் இருக்கிறானோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லு" என்று கொழும்பிலிருந்து அம்மா எழுதியிருந்தார். ஷெல் விழுந்து அப்பா போய் அப்போது மூன்று வருடம். இன்னொன்றைத் தாங்க அம்மாவிடம் தெம்பு இல்லை. என்னிடமும் இல்லை.

போன் எடுத்துப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரப் பெண் என் இங்கிலீஷைக் கேட்டதும் படபடவென்று ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இரண்டு தரமும் அப்படித்தான். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. போய் வகுப்பில் பெயரைக் கொடுத்தேன். நான் தனியாகப் போகக்கூடாது என்று மற்ற இரண்டு பேரும் கூடவே வந்து சேர்ந்தார்கள்.

வகுப்பு முடிந்தால் டவுன் முழுக்க எங்களுடையதுதான். பின்னேரம் வரை தமிழும் கூடாது, இங்கிலீஷும் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. குயீன் ஸ்ட்ரீட்டில் மேலிருந்து துறைமுகம் வரை, கண்ணில் பட்டதற்கெல்லாம் ஸ்பானிஷில் பெயர் சொல்லிக்கொண்டே நடப்போம். கிரேனுக்குச் சொல் தெரியாமல் "பெரிய கை" என்றோம். மூலையிலிருந்த டெரி என்ற சின்னக் கடையில் சுடச்சுட மீட் பை வாங்கி, வாயைச் சுட்டுக்கொண்டு, அந்தச் சூட்டுக்கும் சொல் தேடினோம்...

டெவன்போர்ட் போகும் ஃபெரிப் படகில்தான் ஒத்திகை. ரெஜினா கீட்டோ வீட்டுக்காரியாக நடிப்பாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் அந்தப் பெண்ணைவிட மோசமாகக் கத்துவாள். "நான் அவனுடைய அக்கா. நியூசிலாந்திலிருந்து கதைக்கிறேன். தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள்." இந்த மூன்று வசனத்தையும் கடற்காற்றில் எத்தனை தரம் கத்தியிருப்பேன்!

எட்டுக் கிழமை கழித்து ஒரு சனி காலை. அங்கே வெள்ளி பின்னேரம். எடுத்தேன். இம்முறை அந்தப் பெண் வைக்கவில்லை, பொறுமையாகக் கேட்டார்.

கண்ணன் இருக்கிறானா?

அப்படி யாரும் இல்லை.

கண்ணன் வீட்டில் கூப்பிடும் பெயர். பள்ளிக்கூடப் பெயரைச் சொன்னேன். சிவநேசன்?

அப்படியும் யாரும் இல்லையாம்.

அன்றைக்கு வகுப்பில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. மவுன்ட் ஈடன் மலை உச்சிவரை மூவரும் நடந்தோம். மேலே போய்ப் புல்லில் இருந்துதான் அழுதேன். அம்மாவுக்கு என்னவென்று எழுதுவது?

தேவிதான் கேட்டாள். "தம்பி பாஸ்போர்ட்ல எந்தப் பேரு முன்னுக்கு இருக்கு?"

"அப்பாட பேர். எங்கட ஆக்களுக்கு அப்பிடித்தானே."

"அப்போ அத கேளுங்க லா! எங்க ஆபீஸ்லயும் பலசமயம் எங்கப்பா பேரதான் கூப்பிடுவாங்க. நான்தான் எழுந்து போவேன்."

இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். தோன்றாததற்கும் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பிள்ளைகள் அப்பாவின் பெயரை வாயால் சொல்வதில்லை. படிவங்களில் எழுதுவதோடு சரி. அதுவும் அப்பா போன பிறகு அந்தப் பெயரை யார் சொன்னது?

அடுத்த சனி. ரெஜினா என் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், தேவி மறுபக்கம். ஸ்பானிஷில் அப்பாவின் பெயரைக் கேட்டேன்.

"தம்பிராசா இருக்கிறாரா?"

"ஆ... தம்பிராஹா! ஓம், ஓம், இருக்கிறார். இங்கேதான் இருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள்."

பாஸ்போர்ட்டில் இருந்த j எழுத்து அவர் வாயில் 'ஹ' ஆகியிருந்தது. ரெஜினா சிலுவை போட்டாள். யாரோ படியில் ஓடி வரும் சத்தம் கேட்டது.

"அக்காவோ?"

"சாப்பிட்டியோடா?" என்றுதான் கேட்க வந்தது எனக்கு.

"ஓம் அக்கா. சுகமில்லாமல் கிடந்தனான், இப்ப பரவாயில்லை. கடிதம் போட்டனான், வரேல்லையோ? இங்க எல்லாரும் என்னை அப்பாட பேரைச் சொல்லித்தான் கூப்பிடினம். முதல்ல நான் திரும்பியே பாக்கிறேல்ல..."

அவன் சிரித்தான். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அன்று பின்னேரம் மூவரும் குளிரில் நடுங்கியபடி ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

தம்பி இப்போது கனடாவில் இருக்கிறான், தலை நரைத்துவிட்டது. ரெஜினா இங்கேயே ஹென்டர்சனில், தேவி ஊருக்கே திரும்பிவிட்டாள். ஸ்பானிஷ் முக்கால்வாசி மறந்துபோயிற்று. டவுனும் மாறிவிட்டது, குயீன் ஸ்ட்ரீட்டில் நான் தனியாக நடந்தால் எதற்கும் பெயர் சொல்லத் தோன்றுவதில்லை.

இப்போதெல்லாம் போனைத் தொட்டால் தம்பியின் முகமே வந்துவிடுகிறது. யாரிடமும் கேட்டு அவனை எடுக்கத் தேவையில்லை. நல்லதுதான்...

ஆனாலும், அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்க, இருக்கிறார் என்று ஒருவர் பதில் சொன்னது அந்த ஒரு சனிக்கிழமை மட்டும்தான்.