தெல்மாவின் முதுகு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் எங்கள் ஹாலிவுட் ஸ்டூடியோவில் விளக்குகள் அத்தனையும் என் சொல்லுக்குத்தான் எரிந்தன. யார் முகம் ஜொலிக்க வேண்டும் என்பது என் கையில் இருந்தது.

தெல்மா ரீஸ் காலமெல்லாம் வேலைக்காரியாகவும் நர்ஸாகவும் நடித்தவள். நாயகிக்குப் போட்ட வெளிச்சத்தில் மிச்சம்தான் அவளுக்கு. ஒரு படத்தில் மட்டும் மகனைப் பறிகொடுத்த தாய் வேடம் கிடைத்தது. முழு வெளிச்சத்தையும் அவள் முகத்தில் போட்டேன். அவள் அழுதாள், தளமே அழுதது.

எடுத்ததைப் போட்டுப் பார்த்த நாயகி இயக்குநரிடம் சீறினாள்: "இது யாரு படம்? என்னோடதா, அந்த வேலைக்காரியோடதா?"

மறுநாள் அதே காட்சியைத் தெல்மாவின் பின்னாலிருந்து, நாயகியின் முகம் தெரிய எடுத்தார்கள்.

"ரெண்டையும் சேத்துத்தான் போடுவாங்க, பாரேன் கஸ்" என்றாள் தெல்மா என்னிடம். நெப்ராஸ்காவிலிருந்து அக்காவையும் படம் பார்க்க வரவழைத்தாள்.

நானும் அவர்களோடு போயிருந்தேன். படம் முடிந்தும் அக்கா எழுந்திருக்கவில்லை.

"நீ எங்கடி வந்தே? நான் கண்ணசந்துட்டேனா?"

"இல்லக்கா. மகன் செத்ததும் ஒருத்தி உக்காந்து அழுதாளே, அந்த முதுகு நான்தான்."

அக்கா அந்த முதுகைத் தடவிக்கொடுத்தாள்.